திரிந்த நிலம்: திரையில் டெட்ராய்ட் நகரம்



நகரைப் பாடுவது தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மலைபோல் குவிந்த பண்டங்களைப் பட்டினப்பாலை பாடுகிறது. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி பாடுகிறது. பண்டம் மட்டும் அங்கு வருவதில்லை. அதைச் சுமந்தவரும், விற்றவரும், முத்திரையிட்டுக் காத்தவரும் உடன் வருகின்றனர். நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்து மரமும் பறையும் தொழிலும் கருப்பொருள், மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று பகுத்த மரபு, மூன்றில் உரிப்பொருளே தலையாயது என்று கொண்டது. பாலையைப் பற்றியும் அம்மரபில் ஒரு நுட்பமான கருத்து உண்டு. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை; முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகத் திரிகின்றன என்பது காடுகாண் காதையில் இளங்கோவடிகள் தரும் விளக்கம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைத் திரைப்படங்களும் ஆவணப்படங்களும் காட்டியிருக்கும் விதத்தைக் காண இந்த விளக்கம் பெரிதும் துணைசெய்யும். பாலையைக் காட்டிய படங்கள் பல. திரிந்ததைக் காட்டியவை சில.

1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டெட்ராய்டின் மக்கள்தொகை 18,49,568. 2020இல் அது 6,39,111. மூவரில் இருவர் இல்லாமற் போன நகரம் அது. 2013 ஜூலையில் அந்நகராட்சி நீதிமன்றத்தில் திவால் மனு அளித்தது. உலகின் பல ஊர்களுக்கு அதன் பெயரைப் பட்டமாகச் சூட்டும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. சென்னையையும் அதன் தெற்கு, மேற்குத் தொழிற்பகுதிகளையும் 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பெருமையோடு அழைக்கின்றனர். டெட்ராய்டில் பிறந்த ஃபோர்டு நிறுவனமே 1990களில் மறைமலைநகருக்கு வந்தது. 2021இல் வெளியேறுவதாக அறிவித்து, 2022இல் அங்கு உற்பத்தியை நிறுத்தியது. 2024இல் திரும்பிவரும் விருப்பத்தைத் தெரிவித்தது. பட்டத்தைச் சூட்டிக்கொண்ட ஊரார், பட்டத்துக்குரிய ஊரின் கதையை அறிந்திருப்பது நன்று.

திரைக்கலை பிறந்த இடமே ஆலைவாயில்தான். 1895இல் பிரான்சின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் தம் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சியைப் படமெடுத்தனர். ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம். பெண்களும் ஆண்களும் ஒரு நாயும் வெளியே வருகின்றனர். கேமரா வாயிலுக்கு வெளியே நிற்கிறது. அதன் நூற்றாண்டில், 1995இல், ஜெர்மானிய இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி ஆலைவாயில் காட்சிகளைத் திரட்டி ஓர் ஆவணப்படம் செய்தார். 1926இல் டெட்ராய்டின் ஃபோர்டு தொழிலாளர் வேலை முடித்து வரும் காட்சியும் அதில் உண்டு. கதைப்படங்களில் பெரும்பாலானவை தொழிலாளி ஆலையை விட்டு வெளியே வந்த பிறகே தொடங்குகின்றன என்பது அவர் கண்டு சொன்னது. உள்ளே நடப்பது என்ன என்று காட்டச் சினிமா என்றும் தயங்கியே வந்திருக்கிறது.

உள்ளே முதலில் போன கேமரா முதலாளியுடையது. 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் தொடங்கியது. 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்ற அறிவிப்பு வந்தது. அதே 1914இல் ஹென்றி ஃபோர்டு தம் நிறுவனத்திலேயே ஒரு திரைப்படப் பிரிவை அமைத்தார். அதன் படங்கள் அமெரிக்கத் திரையரங்குகளில் முழுநீளப் படங்களுக்கு முன்னே காட்டப்பட்டன. கார் எவ்வாறு பிறக்கிறது என்பதை அவை பொறுமையாகக் காட்டுகின்றன: உருகிய இரும்பு, சுழலும் சக்கரம், வரிசையில் நகரும் உடற்கூடு. கருப்பொருளை இத்தனை முழுமையாகப் படம்பிடித்தவர் அரிது. மனிதர்களும் இருக்கின்றனர், அவர்களின் கைகள் தெரிகின்றன. அக்கைகளுக்கு உரியவர் என்ன நினைத்தார் என்பது தெரிவதில்லை. ஊமைப்படக் காலம் என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது.

அந்த ஊமைக்காலக் கலைஞர்களில் ஒருவரே மறுமொழியும் தந்தார். 1923இல் சார்லி சாப்ளின் ஹென்றி ஃபோர்டுடன் ஹைலண்ட் பார்க் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். பண்ணைகளிலிருந்து வந்த திடகாத்திரமான இளைஞர்கள் டெட்ராய்டின் தொடர்வரிசையில் சில ஆண்டுகள் உழைத்ததும் நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாவதாக ஓர் இளம் செய்தியாளர் சொன்னதைத் தம் தன்வரலாற்றில் அவர் நினைவுகூர்கிறார். 'மாடர்ன் டைம்ஸ்' 1936இல் வந்தது. நட்டு முடுக்கும் கை, வேலை நின்ற பிறகும் முடுக்கிக்கொண்டே இருக்கும் அந்தக் காட்சியைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. படத்தில் டெட்ராய்ட் என்ற பெயர் இல்லை. ஆயினும் அந்நகரின் உரிப்பொருளை அதுவரை எவரும் அவ்வளவு நெருங்கியதில்லை.

இடையில் இன்னொரு கேமராவும் இருந்தது. 1932 மார்ச் 7 அன்று வேலையிழந்தோர் டெட்ராய்டிலிருந்து டியர்பார்னில் உள்ள ஃபோர்டின் ரூஜ் ஆலையை நோக்கிப் பசி ஊர்வலம் சென்றனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். காயமுற்ற ஐந்தாமவர் பின்னர் இறந்தார். தொழிலாளர் திரைப்பட, நிழற்படக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதைப் படமெடுத்தனர். ஃபோர்டின் திரைப்படச் சேமிப்பு பின்னாளில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது. தொழிலாளர் எடுத்ததோ சில நிமிடத் துண்டுகளாக எஞ்சியிருக்கிறது. எந்த நினைவு எவ்வளவு நீளம் என்பதைப் படச்சுருளை வாங்கும் வசதியே முடிவு செய்திருக்கிறது.

1970இல் வந்த 'ஃபைனலி காட் த நியூஸ்' என்னும் ஆவணப்படம் சற்று நின்று காணத்தக்கது. 1968 மே மாதத்தில் டாட்ஜ் மெயின் ஆலையில், வரிசையின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துத் தொழிற்சங்கத்தின் ஒப்புதல் இல்லாமலேயே வேலைநிறுத்தம் வெடித்தது. அதன் தொடர்ச்சியாகக் கறுப்பினத் தொழிலாளர் தமக்கெனத் தனி அமைப்புக் கண்டனர். ஆலைதோறும் இத்தகைய அமைப்புகள் எழுந்து ஒரு கூட்டமைப்பாயின. நியூயார்க்கிலிருந்து வந்த படக்குழுவினர் அக்கூட்டமைப்புடன் சேர்ந்து எடுத்த படம் இது. எதைச் சொல்வது என்பதில் தொழிலாளரின் சொல்லே மேலோங்கி நின்றது. அடிமைக் காலத்துப் பருத்திக் காட்டிலிருந்து கார் ஆலைவரை பழைய சித்திரங்களையும் நிழற்படங்களையும் அடுக்கிக்கொண்டு படம் தொடங்குகிறது. அத்தொடக்கத்தைக் கண்டவுடன், அசெம்பிளி லைன் 1913இல் தொடங்கியது என்ற பாடநூல் வாசகம் போதாது என்று தோன்றிவிடும். பேசுபவர்கள் தம் வேலையை அறிந்தவர்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டி என்ற எண்ணிக்கை கூடக்கூட விரல் எங்கே சிக்கும் என்பதை அறிந்தவர்கள். படத்தில் குறையும் உண்டு. பெண் தொழிலாளருக்குத் தந்த இடம் மிகச் சிறிது. முழக்கம் சில இடங்களில் மனிதரை மறைத்துவிடுகிறது. ஆனாலும் ஆலைவாயிலில் துண்டறிக்கை தரும் அந்த விடியற்காலைக் காட்சிகளில், லூமியேரின் வாயில் திசைமாறி நிற்கிறது. இங்கு ஆட்கள் உள்ளே போகின்றனர். கையில் தாமே எழுதிய ஒரு தாள் இருக்கிறது.

அதே நிலத்துக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு கேமரா வந்தது. டாட்ஜ் மெயின் 1980இல் மூடப்பட்டது. அந்த இடத்தையும் அதையொட்டிய போல்டவுன் குடியிருப்பையும் சேர்த்து ஜெனரல் மோட்டார்ஸின் புதிய ஆலைக்குத் தர நகராட்சி முடிவு செய்தது. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பகுதி அது. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1981இல் நகராட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. மாதாகோயிலுக்குள் வாரக்கணக்கில் அமர்ந்து போராடிய முதியவர்களைக் காவலர் வெளியேற்ற, கோயிலும் இடிந்தது. 'போல்டவுன் லிவ்ஸ்' என்ற 1983ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் இவை உள்ளன. அதே நீதிமன்றம் 2004இல், வேறொரு வழக்கில், தன் பழைய தீர்ப்பு தவறானது என்று கூறியது. வீடுகள் போய் இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்நிலம் வேனிலால் திரிந்ததன்று, கையெழுத்தால் திரிந்தது. அதைத் தேதியோடு காட்டியதே அப்படத்தின் பெருமை.

கதைப்படங்களில் முதன்மையாகச் சொல்லத்தக்கது பால் ஷ்ரேடரின் 'புளூ காலர்' (1978). டெட்ராய்டின் கார் நிறுவனங்கள் படப்பிடிப்புக்கு இடம் தரவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் மறுபுறத்தில் கலமசூ என்னும் ஊரில், செக்கர் என்ற டாக்சி வண்டிகளைச் செய்துவந்த ஆலையில் உட்காட்சிகள் எடுக்கப்பட்டன. மூன்று தொழிலாளர், இருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், கடன் தாங்காமல் தம் சங்க அலுவலகப் பெட்டகத்தையே உடைக்கின்றனர். பணம் சொற்பம். கிடைத்தது சங்கத் தலைவர்களின் சட்டவிரோதக் கடன் கணக்கு. அதன்பின் மூவரும் பிரிக்கப்படுகின்றனர்: ஒருவர் வண்ணம் தெளிக்கும் அறையில் அடைபட்டு மூச்சுமுட்டி இறக்கிறார், ஒருவர் சங்கப் பொறுப்புக்கு விலைபோகிறார், ஒருவர் அரசின் உளவுத்துறையிடம் அடைக்கலம் தேடுகிறார். நேற்றுவரை ஒரே மேசையில் உண்ட நண்பர்கள் நிறத்தைச் சொல்லி ஒருவர்மேல் ஒருவர் பாயும் கணத்தில் படம் உறைந்து நின்றுவிடுகிறது. பிரிவு பாலைக்கு உரிய ஒழுக்கம் என்பர். நண்பர்களின் பிரிவு எங்ஙனம் திட்டமிட்டுச் செய்யப்படுகிறது என்பதை இப்படத்தைப் போலக் கூர்மையாகச் சொன்ன வணிகப் படம் வேறு காண்பது கடினம்.

பெயர் டெட்ராய்ட், முகம் வேறு ஊர் என்னும் நிலை 'புளூ காலரோடு' முடியவில்லை. 'ரோபோகாப்' (1987) படத்தின் எதிர்கால டெட்ராய்ட் பெரும்பாலும் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரம். 1967 ஜூலைக் கலவரத்தில் ஒரு விடுதியில் மூன்று கறுப்பின இளைஞர்கள் கொல்லப்பட்டதைச் சொல்லும் கேத்ரின் பிகலோவின் 'டெட்ராய்ட்' (2017), தலைப்பிலேயே ஊர்ப்பெயரைக் கொண்டிருந்தும், பெரும்பகுதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எடுக்கப்பட்டது. மாறாக, மினியாபொலிஸில் நடப்பதாக எழுதப்பட்ட 'கிரான் டொரினோ' (2008) கதை, மிச்சிகன் அரசு படப்பிடிப்புச் செலவில் பெரும்பங்கைத் திருப்பித் தருவதாக அறிவித்ததால் டெட்ராய்டுக்கு இடம்பெயர்ந்தது. நிலத்தை வரிச்சலுகை தீர்மானிக்கும் காலத்தில் தொல்காப்பியர் என்ன சொல்லியிருப்பாரோ!

1967ஆம் ஆண்டைப் பற்றி ஒரு செய்தியை இங்குத் தெளிவுபடுத்துவது தகும். நாற்பத்து மூவர் மாண்ட அக்கலவரமே நகரின் வீழ்ச்சிக்குத் தொடக்கம் என்ற எண்ணத்தைப் பல படங்கள் விதைத்துவிட்டன. 1947க்கும் 1963க்கும் இடையிலேயே டெட்ராய்ட் சுமார் 1,34,000 உற்பத்தித் துறை வேலைகளை இழந்துவிட்டது என்பதை வரலாற்றாசிரியர் தாமஸ் சக்ரூ 1996இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆலைகள் புறநகர்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் போயின. எந்திரங்கள் ஆட்களின் இடத்தைப் பிடித்தன. கறுப்பினத்தவரின் கடைத்தெருவும் இசையரங்குகளும் இருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவின்மேல் விரைவுச்சாலை போடப்பட்டது. தீ எரிவதைப் படமெடுப்பது எளிது. ஓர் ஆலை மெல்ல மெல்லப் பக்கத்து ஊருக்கு நகர்வதைப் படமெடுப்பது அரிது. கேமரா எளியதை நாடியது.

ஆலை மூடலையே கதையாக்கி வெற்றி பெற்றவர் மைக்கேல் மூர். 'ரோஜர் அண்ட் மி' (1989) டெட்ராய்டைப் பற்றியதன்று. அதற்கு வடமேற்கே உள்ள அவருடைய சொந்த ஊரான ஃபிளின்ட்டைப் பற்றியது. அதன் நையாண்டி கூர்மையானது. ஆனால் நிகழ்ச்சிகளின் காலவரிசையை மூர் மாற்றி அடுக்கினார் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. உண்மை அவர் பக்கம் இருந்தபோது வரிசையைக் குலைக்க என்ன தேவை என்ற கேள்விக்கு அவருடைய அன்பர்களாலும் விடைகூற இயலவில்லை.

2000க்குப் பின் வந்தது இடிபாடுகளின் காலம். 1913இல் திறந்து, 1988 ஜனவரியில் கடைசி ரயிலை அனுப்பிய மிச்சிகன் சென்ட்ரல் நிலையம். 1903இல் தொடங்கிய பேக்கார்டு ஆலை. ஹென்றி ஃபோர்டு தம் முதல் வண்டியைச் செய்த பட்டறை நின்ற இடத்தில் 1926இல் எழுந்து, பின்னாளில் கார் நிறுத்துமிடமாகிப்போன மிச்சிகன் திரையரங்கு. காரைப் பெற்ற இடம் கலைக்கூடமாகி, அக்கலைக்கூடம் மறுபடியும் காருக்கே தொழுவமானது. சிற்பம்போல் செதுக்கிய கூரைக்குக் கீழே வண்டிகள் நிற்பதைக் காண எந்தக் கேமராவுக்குத்தான் ஆசை வராது? ஜிம் ஜார்முஷின் 'ஒன்லி லவர்ஸ் லெஃப்ட் அலைவ்' (2013) படத்தில் இரவில் இக்காட்சியைக் காண வருவோர் இரத்தம் உண்டு வாழும் சாகாப் பேய்கள்! அப்படம் அழகானது. அப்பேய்களுக்கு அண்டை வீட்டார் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர் ஆளற்ற காடாகத் திரையில் தெரிந்தது. இத்தகைய படங்களுக்கு 'இடிபாட்டு ஆபாசம்' என்று டெட்ராய்ட் மக்களே பெயர் வைத்தனர். கடுமையான சொல்தான். தன் வீட்டுத் துயரத்தை அயலார் அழகு என்று ரசிக்கும்போது வேறு எந்தச் சொல் வரும்? முன்னரே, 1995இல், நகர மையத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு தெருத்தொகுதிகளில் நின்ற பழைய வானளாவிக் கட்டடங்களை இடிபாடாகவே காத்து ஓர் 'அமெரிக்க அக்ரோபொலிஸ்' ஆக்கலாம் என்று நிழற்படக்காரர் கமிலோ வெர்காரா யோசனை கூறியபோதும் ஊரார் கொதித்தனர்.

'டெட்ரோப்பியா' (2012) இக்குறையிலிருந்து பாதி மீண்ட படம். இயக்குநர் இருவரில் ஹைடி யூயிங் அப்பகுதியிலேயே வளர்ந்தவர். இடிபாடுகள் இதிலும் உண்டு, அளவுக்கு மிஞ்சியே உண்டு. ஆனால் மறக்க முடியாதவை பேச்சுகள். கூலிக்குறைப்புக் கோரிக்கையைக் கேட்டுச் சங்கக் கூட்டத்தில் எழும் கசப்பான சிரிப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு மதுக்கூட உரிமையாளர் மோட்டார் கண்காட்சிக்குப் போய் அமெரிக்க மின்காரின் விலையையும் சீனக் காரின் விலையையும் ஒப்பிட்டுக் கேட்டு, நடக்கப்போவதை உடனே உணர்ந்துகொள்ளும் காட்சி. அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகத்தில் தெரிவது ஒரு நகரின் பொருளாதார வரலாறு.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் மூன்று கவிஞர்களைச் சொல்லாமல் இருப்பது பொருந்தாது.

முதலாமவர் சிக்ஸ்டோ ராட்ரிகஸ். 1970இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டு, அது விலைபோகாமல், டெட்ராய்டில் வீடுகளை இடிக்கும் வேலைக்கும் செப்பனிடும் வேலைக்கும் போனவர். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் அவர் பாடல்கள் வீடுதோறும் ஒலித்ததை அவர் பல்லாண்டு அறியவில்லை. மாலிக் பெஞ்சலூலின் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' (2012) இதைச் சொல்லி ஆஸ்கார் பரிசு பெற்றது. அழுக்கான இடிப்பு வேலைக்கும் அவர் விழாவுக்குரிய உடையில் வந்து நின்றதை உடன் உழைத்தவர் ஒருவர் படத்தில் நினைவுகூர்கிறார். பனியில் அவர் தனியே நடக்கும் காட்சிகளில், அதே வெறிச்சோடிய தெருக்கள் வேறு ஊராகத் தெரிகின்றன. அங்கு ஒருவர் வாழ்கிறார் என்பதே வேறுபாடு. 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் அவர் மேடையேறிப் புகழ்பெற்றதைப் படம் சொல்லாமல் விட்டது; கதையின் வசதிக்காக விட்டது. அந்த மறைப்பு இல்லாமலேயே கதை நின்றிருக்கும்.

அடுத்தவர் ஃபிலிப் லெவைன். 1928இல் டெட்ராய்டில் பிறந்து, இளமையில் கார் ஆலைகளில் உழைத்து, 2011இல் அமெரிக்க அரசவைக் கவிஞரானவர். 1991இல் வந்த அவருடைய 'வாட் வொர்க் இஸ்' தொகுப்பின் தலைப்புக் கவிதையில், ஹைலண்ட் பார்க் ஆலைக்கு முன் மழையில் வேலைக்காகச் சிலர் வரிசையில் நிற்கின்றனர். நிற்பவனின் நினைவு, இரவுப்பணி முடித்து வீட்டில் உறங்கும் உடன்பிறந்தவன்மேல் செல்கிறது. அவ்வளவே. ஆலை திறக்கவில்லை, எந்திரம் ஓடவில்லை. ஃபோர்டின் படச்சுருள் அத்தனையிலும் இல்லாத உரிப்பொருள் அந்த வரிசையில் நிற்கிறது. காத்திருத்தலை முல்லைக்கு வைத்த பண்டைய புலவர்கள் அதை உடனே அறிந்திருப்பர்.

மூன்றாமவர் கற்பனைப் பாத்திரம். கர்ட்டிஸ் ஹான்சன் இயக்கி எமினெம் நடித்த '8 மைல்' (2002), நகரையும் புறநகரையும் பிரிக்கும் சாலையின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. நாயகன் தகடு அழுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். பேருந்தில் போகும்போது துண்டுத்தாளில் பொடி எழுத்தில் பாட்டெழுதுகிறான். உணவு வண்டிக்கு முன்னால் இடைவேளையில் தொழிலாளர் ஒருவரையொருவர் வசைபாடி அடிகளைத் தொடுக்கும் காட்சி, லாவணியும் எசப்பாட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அயலாகத் தோன்றாது. இறுதிப் போட்டியில் அவன் கையாளும் உத்தி காளமேகத்தையே மகிழ்விக்கும்: எதிரி சொல்லவிருக்கும் இழிவுகள் அனைத்தையும், தன் வறுமை உட்பட, தானே முந்திப் பாடிவிடுகிறான். எதிரிக்குச் சொல் இல்லாமற் போகிறது.

வென்றவனை இருந்து கொண்டாடுமாறு நண்பர்கள் அழைக்கின்றனர். முறைவேலை பாதியில் நிற்கிறது, போக வேண்டும் என்கிறான் அவன். இருண்ட சந்து வழியே ஆலையை நோக்கித் தனியே நடக்கிறான். அவன் உருவம் சிறுத்துக்கொண்டே போகிறது. கேமரா அவனுடன் ஆலைக்குள் போகவில்லை. சந்தின் இந்த முனையிலேயே நின்றுவிடுகிறது.